அஷீலின் கைக்குட்டை

பிளாசித்தின் சவரக்கடைக்குள் சலவைத் துண்டுகளோடு நுழைந்த ஓடீலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிச் சவரத்தில் நுரையோடு இருந்தவர்கூட கிராமபோன் பக்கம்தான் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

சிகாகோவுக்குப் போய்விட்ட அஷீலின் முதல் இசைத்தட்டு. சிகாகோ ரயிலில் வேலை பார்க்கும் ஒருவர் காலையில் கொண்டுவந்து கொடுத்தது.

இங்கே நியூ ஆர்லியன்ஸில் இருந்தவரை, டிரம்பெட் வாசிக்கும்போது அஷீல் விரல்கள்மேல் கைக்குட்டையைப் போர்த்திக்கொள்வான். எவனும் பார்த்துத் திருடிவிடக் கூடாதாம். அந்தக் கைக்குட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தது ஓடீல்தான். பகை வேறு, பிழைப்பு வேறு.

அஷீலுக்குப் பகை அவள் கணவன் நூமாவோடு. அவனும் டிரம்பெட்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருடைய வாத்தியக் குழுக்களும் ஏறிவரும் வண்டிகள் தெருமுனையில் எதிர்ப்பட்டால், தோற்றவன் நழுவிவிடாதபடி ஜனங்கள் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எட்டு வருஷம் இருவரும் அப்படி மோதிக்கொண்டார்கள். ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நூமா இறந்து மூன்று வருஷமாகிறது. அவன் வாசித்தது எந்தத் தட்டிலும் இல்லை. அவனுடைய இருமல்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. டிரம்பெட்டின் ஒலி மட்டும் நினைவிலிருந்து நாளுக்கு நாள் நழுவிக்கொண்டே போனது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“தட்டுக்கு எப்படிடா துணி போட்டு மூடுவான்? இன்னிக்கு மாட்டுனான்” என்றபடி பிளாசித் கைப்பிடியைச் சுற்றினார்.

கடையில் இருந்த மூன்று டிரம்பெட்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஓடீலுக்கும் ஆவல் தாளவில்லை. அப்படி என்னத்தைத்தான் மூடி வைத்திருந்தான்?

ஊசி இறங்கியது.

டிரம்பெட் எழுந்து, உச்சிக்குப் போகும் இடத்தில் ஒரு கணம் தயங்கியது. லேசாகக் காற்று கசிந்தது. பிறகுதான் ஏறியது.

கடையே சிரித்தது.

“வடக்க போனதும் நம்மாளுக்கு மூச்சு வாங்குது பாருங்கடா. இதையா மூடி வெச்சிருந்தான்?” என்றார் டிரம்பெட்காரர்களில் ஒருவர்.

மெட்டின் அடுத்த சுற்று வந்தது. அதே இடத்தில் அதே தயக்கம், அதே கசிவு.

ஓடீல் துண்டுகளை அப்படியே நாற்காலியில் போட்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கைக்குட்டைக்குள் இருந்த வாசிப்பில் ஒரு துளிகூட அஷீல் இந்தத் தட்டில் கொடுக்கவில்லை.

“பிளாசித் அண்ணே, முதல்லேருந்து போடுங்க. யாரும் பேசாதீங்க.”

துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது கொக்கி பட்டு நூமாவின் முன்பல் போனது. அதற்குப் பிறகு உச்சிக்குப் போகும் இடத்தில் அவன் ஒரு கணம் நின்றுதான் ஏறுவான். காற்றும் கொஞ்சம் கசியும்.

அஷீலுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தன.