டாலிவர் நெற்றித் தழும்பு

“அந்தத் தழும்பை அழிச்சுடுங்க மிஸ் ஆல்ட்ரிச். சிலைன்னா லட்சணமா இருக்க வேண்டாமா?” என்றார் ப்ரூயிட்.

மண் காயாமல் போர்த்தியிருந்த ஈரத்துணியை அப்போதுதான் விலக்கியிருந்தார்கள். அடிமையாகப் பிறந்து, அடிமை முறையை எதிர்த்து அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் முழுக்க மேடை மேடையாக முழங்கிய எலையாஸ் டாலிவரின் மார்பளவுச் சிலை, களிமண்ணில் தயாராக இருந்தது. இடது புருவத்துக்கு மேல் விரல் நீளத் தழும்பு.

“வெண்கலத்துல வார்க்க நாளைக்கு அச்சு எடுக்கணும். ஒரு முடிவாச் சொல்லுங்க,” என்றாள் சிற்பி ஆல்ட்ரிச்.

“தழும்பு இருக்கணும்!” என்றாள் டாலிவரின் மகள் பிலீனா. “ஆத்தங்கரைக் கூட்டத்துல கல்லடி பட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட ரெண்டு மணி நேரம் பேசினாரே, சும்மாவா?”

சிலைக் குழுத் தலைவர் ப்ரூயிட் லேசுப்பட்டவர் அல்ல. அந்தக் கூட்டம் நடந்த மறுவாரமே அடிமை ஒழிப்புச் சங்கத்தில் சேர்ந்தவர். வெள்ளைக்காரச் சொந்தபந்தமெல்லாம் காறித் துப்பியும், முப்பத்தைந்து வருஷம் டாலிவரை விட்டு நகராதவர்.

“சின்னப் பிள்ளைங்க பார்த்தா பயந்துக்கும்மா.”

“நல்ல கதை! சின்னதுல நான் அதைத் தடவிக்கிட்டேதான் தினமும் தூங்குவேன். பயந்தா போனேன்?”

“சொன்னா கேளேன்!”

சிற்பியின் கையிலிருந்த மரக்குச்சியைப் பிடுங்கினார் ப்ரூயிட். ஒரு துண்டு களிமண்ணை எடுத்து தழும்பை அடைக்கப் போனார். தழும்பில் குச்சி பட்டதும், அதைக் கீழே போட்டுவிட்டார்.

“என்ன ஆச்சு உங்களுக்கு?” என்று பதறினாள் பிலீனா.

ப்ரூயிட்டுக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. “இதை வெண்கலத்துலயும் வச்சுட்டா, நான் செத்தாலும் இது போகாதே... அந்தக் கல்லை எறிஞ்சவன் நான்தாம்மா. பத்தொன்பது வயசுத் திமிரு. கடைசி வரைக்கும் அவர்கிட்ட சொல்ல வாய் வரலை. ஒண்ணும் தெரியாதவன் மாதிரி அவர் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டேன், பாவி!”

பிலீனா குனிந்து குச்சியை எடுத்து, மண்ணைத் துடைத்து ஆல்ட்ரிச்சிடம் நீட்டினாள். பிறகு ப்ரூயிட்டைப் பார்த்தாள்.

“எறிஞ்சது யாருன்னு அப்பா அன்னைக்கே மேடையில இருந்து பார்த்துட்டாரு.”