விடுதலையானவர்

பூச்சிமருந்து ஆலையின் கழிவைக் குடிநீர் ஏரியில் திறந்துவிடச் சொன்னது இரண்டு இயக்குநர்களும் சேர்ந்துதான். இன்பசேகரன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏழு ஆண்டு சிறை கிடைத்தது. தெய்வநாயகம் கடைசிவரை மறுத்தார். நல்ல வக்கீல் வாய்த்ததால் விடுதலையானார்.

நீதிமன்ற வாசலில் வக்கீல் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, இன்பசேகரனை ஏற்றியிருந்த போலீஸ் வேனை நோக்கி ஒரு பெண் போவதைத் தெய்வநாயகம் பார்த்தார். அந்தத் தண்ணீரைக் குடித்த மகளைப் பறிகொடுத்த செல்லக்கிளி. அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்ன மன்னிக்க மாட்டேன்யா," என்றாள். "ஆனா எம்புள்ள எதனால செத்துப்போச்சுன்னு நீ ஒருத்தன்தான் வாயத் தொறந்து சொன்ன."

உள்ளே இன்பசேகரன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தெய்வநாயகத்துக்கு வயிறு எரிந்தது. சம்பளத்திலும் பதவியிலும் எப்போதும் தனக்குப் பின்னால் நின்றவன், இதை மட்டும் எப்படித் தட்டிக்கொண்டு போனான்?

செல்லக்கிளி திரும்பி வந்தாள். "அம்மா, நானும்..." என்று தொடங்கினார். அவள் அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

அவர் கால்கள் வேனை நோக்கி நடந்தன. ஏட்டு கையை நீட்டி மறித்தார்.

"சார், உங்களத்தான் விட்டாச்சே. அந்தப் பக்கம் போங்க."