இரண்டாவது கியரில்

"சத்தம் எவ்ளோ தூரம் போகும், அத மட்டும் சொல்லுப்பா. வேகம் எனக்கு வேணாம்" என்றாள் வெர்னா.

லைல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். மிச்சிகனில் இந்தப் பட்டறையைத் திறந்த நாளிலிருந்து, வேகம் வேண்டாமென்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வந்ததில்லை. அதுவும் எழுபதாம் வருடத்து பான்டியாக் காரை ஓட்டிக்கொண்டு! வந்தவளோ பள்ளிக்கூட பஸ் டிரைவர். ஆறு மாதம் முன்பு வடக்கே எங்கிருந்தோ இந்த ஊருக்குக் குடிவந்தவள். அவன் மகள் உட்பட பஸ் நிறைய வாண்டுகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்குகிறவள். எதிர்த்துப் பேச அவனுக்கும் கொஞ்சம் உதறல்தான்.

"மேடம், இவ்ளோ பெரிய எஞ்சினை வச்சுக்கிட்டு சைலன்சரை மட்டும் தொட்டா எப்படி? கிளட்ச், பின் ஆக்சில் பல்சக்கரம் எல்லாம் சேத்து மாத்துங்க. சிக்னல்ல பச்சை விழுந்தா பக்கத்து வண்டிக்காரன் உங்க நம்பர் பிளேட்டைத்தான் படிச்சிட்டு நிப்பான்."

"எவனும் படிக்க வேணாம். ஒருத்தன் கேக்கணும், அவ்ளோதான்."

"யாரு?"

"இந்த வண்டிக்குச் சொந்தக்காரன். நான் இத வித்துட்டேன்னு நெனச்சிட்டிருக்கான். விக்கலன்னு அவன் காதுல விழணும்."

லைலுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவனுக்கே இரண்டு விவாகரத்து. முதல் மனைவி கொண்டுபோன கமேரோ காரின் உறுமல் தூரத்தில் கேட்டாலே இன்றைக்கும் அவன் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திவிடுவான்.

"நேர்ல போய் சொல்லிப் பாக்கலியா?"

"போனேன். ஒரு தடவையா ரெண்டு தடவையா? மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறான்."

"கல்நெஞ்சக்காரன்! விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன். ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் கிளம்பியது. பழைய சைலன்சருக்குள் அமுங்கிப்போய், நொண்டி நொண்டி ஓடியது. லைல் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"கேம் ஷாஃப்ட் மாத்தியிருக்கே, அதான் இப்படி நொண்டுது! யார் போட்டது?"

"அவன்தான். ஒரு குளிர்காலம் பூரா வீட்டுக்குப் பின்னாடியே கிடந்தான். மிச்சத்தச் செய்யறதுக்குள்ள போயிட்டான்."

"அப்ப கவலையே இல்ல. இந்த நொண்டி நடை இந்த வண்டிக்கு மட்டும்தான். போட்டவன் தூக்கத்துலகூட கண்டுபிடிப்பான். சைலன்சர்தான் அமுக்கி வச்சிருக்கு."

"அதத் தொறந்து விடு."

"தொறந்துடலாம். ரெண்டு புகைக்குழாயையும் பின்னி இணைச்சா பவர் கூடும், சத்தம் கொஞ்சம் கீச்சுனு வரும். ஏணிப்படி மாதிரி நடுவுல ஒரு துண்டு வச்சு இணைச்சா பவர் கம்மி. ஆனா அடித்தொண்டைச் சத்தம்."

"எது மதிலைத் தாண்டும்?"

"அடித்தொண்டைதான். பெரிய வீடோ?"

"பெரிசுதான். ஏணிப்படியே வை."

லைலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன் விவாகரத்து வழக்கையே மறுபடி நடத்தி ஜெயிக்கப் போவதுபோல இருந்தது. பேசாமல் இதோடு விட்டிருப்பான், அவள்தான் விடவில்லை.

"அந்த ரோட்டுல நிறுத்தக் கூடாது. மெதுவாத்தான் போகவும் முடியும். மெதுவா போறப்ப எஞ்சின் முனகிட்டே போச்சுன்னா நான் போயி என்ன பிரயோஜனம்?"

லைல் தாடையைச் சொறிந்தான். "அப்ப பின் ஆக்சில் பல்சக்கரத்த மாத்தித்தான் ஆகணும். ரெண்டாவது கியர்ல போட்டீங்கன்னா வண்டி ஆமையா போகும், எஞ்சின் ஊரக் கூட்டும். ஆனா ஹைவேல பெட்ரோல் குடிச்சே உங்கள அழிச்சிடும். போலீஸ் அபராதம் வேற."

"குடிக்கட்டும். போடட்டும்."

"மேடம், எல்லாரும் சீக்கிரம் ஓடத்தான் இந்தப் பல்சக்கரத்தப் போடுவாங்க."

"நான் மெதுவா ஓட்டப் போடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடு. அன்னிக்குக் காலைலதான் அவன் வெளிய காத்தாட வருவான்."

ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைக் கொடுத்த கையோடு லைலும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"நீ எதுக்கு?"

"அந்த ஆள் மூஞ்சி போற போக்க நான் பாக்க வேணாமா?"

"மூஞ்சி கண்ணுக்குத் தெரியாது. பெல்ட்டப் போடு."

ஊரைத் தாண்டி, பீட்ரூட் வயல்களையும், அதிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையையும் தாண்டி வண்டி போனது. வெர்னா உதட்டைக் கடித்தபடி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். புருஷன்மேல் இவ்வளவு வைராக்கியமா என்று லைலுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆற்றோரம் ஒரு கிளைச் சாலையில் திரும்பியதும் அவள் வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியரைப் போட்டாள். பான்டியாக் நொண்டி நொண்டி முழங்கியது. லைலின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

"அப்படிப் போடுங்க மேடம்! சாகட்டும் பய!" என்று தொடையில் தட்டிச் சிரித்தபடி பக்கவாட்டில் திரும்பினான்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வீடு எதுவும் இல்லை. நெடுக ஓடியது ஒரு சாம்பல் நிற மதில். மேலே முள்கம்பிச் சுருள். மூலையில் கோபுரம், அதில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி.

"மேடம்... உங்க புருஷன் ஜெயில்லயா இருக்காரு?"

"அவர் செத்து எத்தனையோ வருஷமாச்சு" என்றாள் வெர்னா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள இருக்கறது என் மகன். வண்டிய வித்துட்டு என்னையும் மறந்துடும்மான்னு சொல்லிட்டு, எத்தன தடவ வந்தாலும் என்னப் பாக்காமலே திருப்பி அனுப்பறான்."

மதில் முடிந்த இடத்தில் வண்டியைத் திருப்பி, அவள் மறுபடியும் அதே மதிலோரமாக ஓட்டத் தொடங்கினாள்.