நாலாவது சத்தியம்

"எங்கள் விசுவாசமான வாடிக்கையாளருக்கு..."

முதல் வரியோடயே பிளோறன்ஸ் கடிதத்தைக் குசினி மேசையில எறிஞ்சா.

"காசினோக்காரன் உங்களை விசுவாசம் எண்டுறான். பெருமையா இருக்கோ?"

சிவகுருநாதன் பஸ் ஓடிப்போட்டு வந்து யூனிபோமைக்கூட மாத்தேல்லை. கடிதத்தை எடுத்து ஆறுதலா வாசிச்சார்.

"முழுக்க வாசியுமன்."

"முதல் வரியே காணும், மிச்சம் வேண்டாம்."

"கறுப்புக் காட்டுப் பக்கம் ரெண்டு நாள். ஹோட்டல், நீச்சல் குளம், சாப்பாடு எல்லாம் சும்மா. என்ர காசினோக் கார்டில சேர்ந்த பொயின்ற்ஸுக்குத் தாறாங்கள். ரெண்டு பேர் போகலாமாம். போவமே?"

"வெக்கமா இல்லையோப்பா? விளையாடமாட்டன் எண்டு மூண்டு தரம் சத்தியம் பண்ணினீங்கள். நல்லூர் முருகன்ல ஒண்டு. எனக்காண்டி மடு மாதாவில ஒண்டு. பிறகு பிள்ளையின்ர தலையில."

"ஓம்."

"அந்தப் பிள்ளை அவுஸ்பில்டுங் எண்டு மூண்டு வருசம் தொழில் படிச்சு முடிச்சு சேர்டிஃபிகேட் வாங்கின அண்டைக்கு எங்க நிண்டனீங்கள்?"

எங்க நிண்டவர் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். மகள் யதுசா மேடையில ஏறேக்க முன்வரிசையில ஒரு கதிரை வெறுமையாக் கிடந்தது.

அறைக்குள்ள இருந்து யதுசா எட்டிப் பாத்தாள்.

"அம்மா, போங்கோவன். கலியாணம் கட்டி இருபத்தஞ்சு வருசத்தில ஒரு நாளாவது ரெண்டு பேரும் ஹோட்டலில நிண்டிருக்கிறியளோ? அப்பாவைக் கையில பிடிச்சுக்கொண்டு திரியுங்கோ."

"பிடிக்கத்தான் போறன். ஆனா இஞ்சேருங்கோ, இந்த முறையும் அந்தக் கதவுக்குள்ள காலை வைச்சியள் எண்டா நான் லைப்சிக்கில தங்கச்சி வீட்டை போயிடுவன். பிறகு வரமாட்டன்."

பிளோறன்ஸ் சொன்னாச் செய்யிற ஆள். அது சிவகுருநாதனுக்கு நல்லாத் தெரியும்.

சனிக்கிழமை ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தினம். மனுசன் வெள்ளைத் துவாய் அங்கியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நிண்டு, "பிஷப் மாதிரி இருக்கிறனோ?" எண்டு கேட்டார். பிளோறன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளேல்லை.

அவர் குளத்தில வயித்தை மேல காட்டிக்கொண்டு மிதக்கேக்க, அவ அறைக்குப் போய் அவற்ற பேர்ஸைத் திறந்தா. ஐடி கார்ட் இல்லாமல் காசினோக் கதவைத் தாண்ட ஏலாது எண்டு யதுசா சொல்லியிருந்தாள். கார்டை எடுத்துத் தன்ர கைப்பைக்குள்ள, செபமாலைக்குக் கீழ வைச்சா.

மூண்டு மணிக்குக் கோப்பியும் செறி கேக்கும். அவவின்ர செறியையும் சேத்துச் சாப்பிட்டுப் போட்டு, அவர் மெல்லமாச் சொன்னார்.

"இஞ்சரும், ஒருக்கா காசினோப் பக்கம் போயிட்டு வருவம்."

பிளோறன்ஸின்ர கரண்டி அப்பிடியே நிண்டுது.

"அஞ்சு நிமிசம்தான். நீரும் வாரும்."

"வாங்கோ, போவம்" எண்டு அவ எழும்பினா. கார்ட் ஆரின்ர பையில இருக்கு? பயமென்ன?

கதவடியில நிண்ட பொம்பிளை ஐடி கேட்டா. சிவகுருநாதன் பேர்ஸைத் திறந்தார். சேட் பொக்கற்றைத் தடவினார். காற்சட்டையைத் தடவினார்.

"காலமை இருந்ததே. நில்லும், அறையில பாத்திட்டு வாறன்."

ஓடினார். மூச்சு வாங்க வாங்கத் திரும்பி ஓடி வந்தார்.

"ட்ரைவிங் லைசன்ஸைக் காட்டினாக் காணாதோ?"

"காணாது" எண்டா அந்தப் பொம்பிளை.

அவற்ற நெத்தியெல்லாம் வேர்வை. "காரில விழுந்திருக்கும், ஒருக்காப் பாப்பம்" எண்டு திரும்பவும் வெளிக்கிட்டார்.

முதல்ல பிளோறன்ஸுக்கு, தான் வெண்டிட்டன் எண்டு உள்ளுக்கை ஒரு புளுகம். பிறகு அது கோவமா மாறிச்சுது. பிள்ளை சேர்டிஃபிகேட் வாங்கின அண்டைக்கு இந்த ஓட்டத்தில பாதி ஓடியிருந்தாக் காணுமே.

கைப்பையைத் திறந்தா.

"இந்தாங்கோ உங்கட கார்ட். போய் விளையாடுங்கோ. எனக்கு அஞ்சு மணிக்கு லைப்சிக் ட்ரெயின் இருக்கு."

அவருக்குக் கோவமே வரேல்லை. முகம் பூத்துப் போச்சு. அதுதான் அவவுக்கு இன்னும் நொந்தது.

பொம்பிளை கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில தட்டினா. ஸ்கிரீனைப் பாத்தா. அவரைப் பாத்தா. குரலைக் குறைச்சா.

"மன்னிக்கவேணும். உங்களை உள்ள விட ஏலாது."

பிளோறன்ஸ் மனுசனிட்டத் திரும்பினா. "இஞ்சையும் என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

சிவகுருநாதன் கவுண்டரில சாய்ஞ்சுகொண்டு அந்தப் பொம்பிளையிட்டச் சொன்னார்.

"ஏன் எண்டு பலமாச் சொல்லுங்கோ. மனுசிக்குக் கேக்கவேணும்."

"உங்களுக்கு ஓமெண்டாச் சொல்லுறன். உங்களை விடவேண்டாம் எண்டு நீங்களே எழுதிக் குடுத்திருக்கிறியள். ஜேர்மனியில எந்தக் காசினோவிலயும் விடமாட்டினம். மார்ச் பதிமூண்டில இருந்து."

யதுசா சேர்டிஃபிகேட் வாங்கினது மார்ச் பன்ரண்டு.

"ஏழு மாசமாவோ?" பிளோறன்ஸ் விரலை மடிச்சு எண்ணினா. "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"கடிதத்தின்ர ரெண்டாம் வரியிலயே இருந்தது, கனநாளா உங்களைக் காணேல்லை எண்டு. நீர்தான் முதல் வரியோட எறிஞ்சிட்டீர்."

"வாயால சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீரோ?"

பொம்பிளை கார்டைத் திருப்பி நீட்ட, சிவகுருநாதன் சொன்னார்.

"முருகன், மாதா, பிள்ளையின்ர தலை. மூண்டையும் இந்த வாயாலதான் கெடுத்தனான். அதான் நாலாவதை வேற வாயால சொல்ல வைப்பம் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."

பிளோறன்ஸ் கார்டை வாங்கிக் கைப்பையைத் திறந்தா. பிறகு பையை மூடிப்போட்டு, கார்டை அவற்ற சேட் பொக்கற்றுக்குள்ள வைச்சா.

"வாங்கோ கெதியா. என்ர கேக் பாதியில கிடக்கு. செறியும் நீங்கள் திண்டிட்டியள்."