சடைப்பிள்ளை கேட்ட குதிரை

கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடி லிந்தாங்கின் காதருகே நின்றது. ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வசீத்தோ மட்டும் அவளுடைய அப்பா தார்மினின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முகத்தில் பக்தி வழிந்தது. வசீத்தோவுக்கு அதுவே முதல் சந்தேகம். உருளைக்கிழங்கு மூட்டையில் மண்ணையும் சேர்த்து எடை போடும்போது தார்மின் இதே முகத்தைத்தான் வைத்துக்கொள்வான்.

வசீத்தோவின் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, கிளிவோன். இந்த நிமிடம்வரை அது வசீத்தோவின் குதிரை.

லிந்தாங்குக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது தலைமுடி தானாக முறுக்கிக்கொண்டு சடை விழுந்திருந்தது. டியெங் மலையில் சில பிள்ளைகளுக்கு அப்படித்தான். அந்தச் சடையை நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது. பிள்ளையே ஒரு நாள் வாய் திறந்து ஒன்றைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் எத்தனை தடவை விசாரித்தாலும் அதையே சொல்ல வேண்டும். அதைக் கொடுத்த பிறகுதான் கத்தரி. கொடுக்காமல் வெட்டினால் சடை திரும்ப வளரும், காய்ச்சலும் கூடவே வரும்.

அதுவரை சடைப்பிள்ளையை யாரும் அதட்டுவதில்லை. கடையில் எதை எடுத்தாலும் கடைக்காரி வானத்தைப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு பிள்ளை ஆட்டுக்குட்டி கேட்கும். போன வருடம் ஒருத்தி வாத்து முட்டை கேட்டாள். அவளைப் பெற்றவர் சந்தோஷம் தாங்காமல் ஊருக்கே சோறு போட்டார்.

லிந்தாங் கேட்டது கிளிவோனை.

இரண்டு வருடமாகத் தார்மின் நயந்தும் மிரட்டியும் கேட்டுப் படியாத குதிரை, சரியாக அறுவடைக்கு முன்னால் அவன் மகளின் சடைக்குள் எப்படிப் புகுந்தது?

உறைபனியில் இலை கருகுவதற்குள் கிழங்கைக் கீழே இறக்கியாக வேண்டிய மாதம் இது. மோட்டார் சைக்கிள் ஏறாத சரிவுகளில் மூட்டை இறக்க ஊரில் இருந்தது இந்த ஒரு குதிரைதான். இது கைமாறினால் வசீத்தோ தன் முதுகில்தான் மூட்டை இறக்க வேண்டும், அதுவும் தார்மினிடம் கூலிக்கு நின்று.

சும்மா வேண்டாம், விலை தருகிறேன் என்று தார்மின் பெருந்தன்மை காட்டியிருந்தான். அவன் சொன்ன விலைக்கு ஒரு நல்ல சேணம் வாங்கலாம்.

வசீத்தோ தன்னால் ஆனதைச் செய்து பார்த்தான். ஒரு நாள் அப்பனையும் மகளையும் வழியில் நிறுத்தி, கிளிவோனுக்கு எந்தக் காலில் வெள்ளை என்று கேட்டான். கேட்டது பிள்ளையிடம். பதில் தார்மினிடமிருந்து வந்தது.

ஆனால் ஊர் இதையெல்லாம் காதில் வாங்குமா?

"குடுத்துத் தொலைப்பா. புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும்" என்று கடைக்காரியே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். கயிற்றை மட்டும் விடவில்லை.

"என்னண்ணே, இவ்ளோ இறுக்கிப் புடிச்சிருக்கீங்க?" என்றான் தார்மின், பல் தெரிய. "எங்க போயிரப்போவுது? பக்கத்து வீட்டுக்குத்தானே வருது."

"குதிர எங்கயும் போவாது தம்பி. அது நல்லா வளந்தது."

சடங்கு நடத்தும் சார்ஜோனோ தாத்தா ஒரு சடையைத் தூக்கி, சடங்குக்கென்று வைத்திருந்த மோதிரத்துக்குள் நுழைத்தார். கத்தரியை அதன் அடியில் வைத்தார். வழக்கப்படி கடைசித் தடவையாகக் கேட்டார்.

"சொல்லு கண்ணு. உனக்கு என்ன வேணும்?"

தார்மினின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்ததை வசீத்தோ பார்த்தான்.

லிந்தாங் அப்பாவைப் பார்த்தாள். பிறகு வசீத்தோவைப் பார்த்தாள்.

"அப்பா சொல்லிக்குடுத்தத சொல்லணுமா தாத்தா, இல்ல நேத்து வசீத்தோ மாமா சொல்லிக்குடுத்தத சொல்லணுமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கடைக்காரியின் சிரிப்பு.

தார்மின் வசீத்தோவைப் பார்த்தான். வசீத்தோ தார்மினைப் பார்த்தான். ஒரே வீட்டுக்குக் கன்னம் வைக்க வந்து சுவரோரம் முட்டிக்கொண்ட இரண்டு திருடர்களைப்போல.

"மாமா என்ன கேக்கச் சொன்னாரு?" என்று கேட்டார் தாத்தா.

"சைக்கிள்."

பெரியவர் மோதிரத்தை உருவினார். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டார். கேட்பது மாறினால் வெட்டுவதில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை மீசை முளைத்தவர்கள் யாரும் பிள்ளையின் காதுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வசீத்தோவுக்குக் காது சுட்டது. ஆனால் கயிறு கையிலேயே இருந்தது. மானம் கொஞ்சம் போனது, குதிரை மிஞ்சியது. நட்டம் என்று சொல்வதற்கில்லை. நேற்று தீட்டிய திட்டம் இதுதானே என்று மனத்துக்குள் தன்னையே மெச்சிக்கொண்டான்.

லிந்தாங் நாற்காலியிலிருந்து குதித்தாள். படையல் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தபடி அவனைத் தாண்டிப் போனாள். அவளுடைய அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நடையைப் பார்த்தபோதுதான் வசீத்தோவின் சந்தேகம் தார்மினை விட்டு வேறு பக்கம் திரும்பியது.

நேற்று சாயங்காலம் குழாயடியில் சைக்கிளைப் பற்றி அவன் ஆசை காட்டியபோது, அவள் சைக்கிளைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. அது என்ன நிறம் என்றுகூட.

"நாளைக்கு நான் மாத்திச் சொன்னா என்ன பண்ணுவாங்க மாமா?" என்று மட்டும் கேட்டாள். அவன்தான் அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பொறுமையாக, புரியும்படி விளக்கினான்.

"முடிய வெட்ட மாட்டாங்க பாப்பா. அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போட்டுருவாங்க."

"அப்பச் சரி" என்றாள் அவள்.