முதலில் சாறா, கறியா?

“கறியைக் கீழே வைங்க! முதல்ல சாறு கொதிக்கணும்!” என்று சுமிரே கத்தினாள்.

“முடியவே முடியாது! முதல்ல கறி, அது மேல சர்க்கரை, அப்புறம்தான் சோயா சாஸ். ஒசாகாவுல பச்சக் குழந்தைக்குக்கூட இது தெரியும்!”

தகெஹாரு மாட்டுக்கறித் துண்டைச் சாப்பாட்டுக் குச்சியில் பிடித்து, அவள் கைக்கு எட்டாத உயரத்தில் தூக்கிக்கொண்டான்.

“இது டோக்கியோ. நான் டோக்கியோக்காரி!”

அன்று அவர்களுக்கு முதல் கல்யாண நாள். அதைக் கொண்டாடத்தான் மேசை நடுவில் அடுப்பை வைத்து, கறி, காய்கறி, டோஃபு எல்லாம் சேர்த்துச் சமைக்கும் சுகியாகிச் சட்டியை ஏற்றியிருந்தார்கள். சட்டி வெறுமனே காய்ந்து புகைந்தது.

“கறியில சர்க்கரையைக் கொட்டி பாயசமா வைக்கப் போறீங்க?”

“உங்க ஊர்ல மட்டும் என்னவாம்? கறியைக் குளிப்பாட்டுறீங்க!”

“நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்!” சுமிரேவுக்கு அழுகை வந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த ஷிமோடா கையை உயர்த்தினார். ஐம்பது வயது மனிதர். அதுவரை பொறுமையாகத்தான் இருந்தார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. நல்ல நாள் அதுவுமா இதுக்கெல்லாமா அழுவாங்க?”

“அப்ப நீங்களே சொல்லுங்க சார். முதல்ல சாறுதானே?”

“கறிதானே சார்?”

ஷிமோடா கறித் தட்டை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“அது கிடக்கட்டும். இதென்ன மாட்டுக்கறி?”

“பின்னே?”

“சுகியாகின்னா பன்றிக்கறிதான்யா! எங்க ஹொக்கைடோவுல வந்து பாரு!”

“பன்றியா?” கணவனும் மனைவியும் அன்றைக்கு முதல்முறையாக ஒரே குரலில் கத்தினார்கள்.

“என்ன சார், விளையாடறீங்களா?” என்றான் தகெஹாரு.

“யாருய்யா விளையாடறது? பன்றிக்கறி! பன்றிக்கறி!” ஷிமோடா மேசையில் ஓங்கிக் குத்தினார். டோஃபு துள்ளித் தரையில் விழுந்தது.

“எங்க வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தற வேலை வெச்சுக்காதீங்க!” சுமிரே கரண்டியை ஓங்கினாள்.

அந்த நேரம் ஷிமோடாவின் தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர்.

“யோவ் ஷிமோடா! புருஷன் பொண்டாட்டி சண்டையை விலக்கிவிடத்தானேய்யா உன்னை அனுப்பினேன்? இப்ப மூணாவதா ஒருத்தன் அவங்களைவிட சத்தமா கத்தறான்னு பக்கத்து வீட்டுல மறுபடியும் புகார் பண்றாங்க. யாருய்யா அவன்? உடனே பிடிச்சுட்டு வா!”