அறுபத்தெட்டு யூனிட்

இந்த மாசமும் பச்சை இலை எதிர்வீட்டு டீச்சருக்குத்தான்!

அறிவிப்புப் பலகை முன்னால் நின்ற தையல்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது.

கரண்ட் செலவைக் குறைக்க வேண்டும், அனல்மின் நிலையத்துப் புகையைக் குறைக்க வேண்டும் என்று குடியிருப்பின் இருபத்துநாலு வீட்டுக்காரர்களும் கூடிப் போட்ட திட்டம் அது. வீட்டுக்கு மாசம் நூற்றைம்பது யூனிட். ஒரு யூனிட்கூடத் தாண்டக் கூடாது. ஆகக் குறைவாகச் செலவழித்த வீட்டின் பெயருக்குப் பக்கத்தில் செயலாளர் ஒரு பச்சை இலை ஒட்டுவார்.

டீச்சர் பெயருக்குப் பக்கத்தில் இப்போது நாலு இலை. கொடியே படர்ந்துவிட்டது.

“வெறும் அறுபத்தெட்டு யூனிட்டாம்! மகாராணி காத்தைக் குடிச்சே வாழுறாளா?” வீட்டுக்குள் நுழையும்போதே பொருமினாள்.

கணவர் பஸ் டிரைவர். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “உனக்கேன் கடுப்பு? அப்பாவுக்கு மூச்சு மெஷின் ஓடுதுன்னு நமக்கு எண்பது யூனிட் கூடுதலா குடுத்திருக்காங்க. நாமதான் போட்டியிலேயே இல்லையே.”

“அதான் எரியுது! நானும் மோட்டாரைக் கழட்டிப் போட்டுட்டு காலால மிதிச்சுத் தைக்கிறேன். முட்டி தேயுது. ஒருத்தராவது என்னைப் பாராட்டினாங்களா? அவ படியிறங்கினா மட்டும் எல்லாரும் பல்லைக் காட்டுறாங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். தைத்த துணியைக் கொடுக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

மாடிப்படி விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள் டீச்சர். பின்னால் அவள் வீடு இருண்டு கிடந்தது. பாதி திறந்திருந்த வாசல் கதவு வழியாக, படி விளக்கு வெளிச்சத்தில், திறந்து கிடந்த ஃபிரிட்ஜ் தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே மூன்று தட்டிலும் நோட்டாக அடுக்கியிருந்தாள்.

‘அடிப்பாவி! பொது விளக்குல வேலையை முடிச்சுட்டு, பேரு மட்டும் வாங்கிக்கிறியா?’

சத்தமில்லாமல் செல்போனில் ஒரு படம் எடுத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

விடிந்ததும் விடியாததுமாகச் செயலாளர் வீட்டு மணியை அடித்தாள். அவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார்.

“பாருங்க சார், உங்க பச்சை இலைக்காரியோட லட்சணத்தை! படிக்கட்டு விளக்கு நம்ம எல்லாருக்கும் பொதுதானே? இது திருட்டுதானே?”

அவர் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

“அவங்க படியில உக்காந்தாலும் உக்காரலைன்னாலும் அந்த விளக்கு எரியத்தாம்மா போகுது.”

“மழுப்பாதீங்க சார். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். நாலு இலையையும் பிடுங்கணும். இல்லேன்னா இந்தப் படத்தைப் பலகையில நானே ஒட்டுவேன்.”

“வேண்டாம்மா. விட்டுடுங்க.”

“ஏன் விடணும்? அவளுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?”

செயலாளர் பெருமூச்சு விட்டார். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். நீங்க சொல்ல வெக்கிறீங்க. உங்க மாமனார் மெஷினுக்குக் கூடுதலா எண்பது யூனிட் கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கு. கமிட்டிதானே குடுத்தது?”

“கமிட்டி முடியாதுன்னுடுச்சு. ஒரு வீட்டுக்குக் குடுத்தா எல்லா வீடும் கேக்கும்னு கையை விரிச்சுட்டாங்க.”

“பின்னே...?”

“டீச்சர்தான் அவங்க நூத்தம்பதுல எண்பதை உங்க பேருக்கு எழுதிக் குடுத்தாங்க. மிச்சம் எழுபதுலதாம்மா நாலு மாசமா அவங்க வீடு ஓடுது.”